பெடல் நின்ற இடம்

1

“…கற்பனைக்கு விட்டவராமோ! நல்ல கற்பனை. பெடல் நிண்டு போச்சுது தம்பி, வேறை ஒண்டுமில்லை. அதை உந்தப் பிள்ளைக்கு வடிவாச் சொல்லும்.”

பூமணி அக்கா இப்படிச் சொன்னது நோர்வேயில், பேர்கன் நகரத்துப் பொலிஸ் நிலையத்தின் மேல்மாடியில். ‘உந்தப் பிள்ளை’ என்றது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இங்கர் என்ற பெண் பொலிஸ் அதிகாரியை. எழும்பி நின்றால் கதவு நிலையில் தலை முட்டுமோ என்று நாங்கள் பயப்படுகிற உயரம் அந்தப் பிள்ளை. ‘தம்பி’ நான். மொழிபெயர்க்க வந்தவன்.

பெடல் என்ற சொல்லை நோர்வே மொழியில் சொல்வது சுலபம், அங்கேயும் அது பெடல்தான். ஒரு நாடகம் பாதியில் நின்றதற்குச் சைக்கிள் பெடல் எப்படிக் காரணம் என்று விளக்குவதுதான் பெரும்பாடு. உங்களுக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படாது. கறண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் நேற்றுக்கூடச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டிருப்பீர்கள். ஆகவே கதையை உங்களுக்கே எழுதுகிறேன். இங்கே சொன்னால் நான் புளுகுகிறேன் என்கிறார்கள்.

2

முதலில் இந்த ஊரைப் பற்றி ஒரு சொல். பேர்கனில் மழை பெய்யாவிட்டால் ஆட்கள் வானத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். நான் வந்த புதிதில் ஒருநாள் கதவடியில் ஒதுங்கி நின்றேன். பக்கத்து வீட்டு மனிதர் நனைந்தபடி நாயோடு போனவர், ஏன் நிற்கிறாய் என்று கேட்டார். மழை விடட்டும் என்றேன். “அப்படியானால் ஒரு கதிரை கொண்டுவந்து போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பிடித்தது எனக்கு இந்த ஊர். கதைக்கத் தெரிந்த சனம் இருக்கிற இடத்தில் சீவிக்கலாம்.

ஊரில் கோப்பாய்ச் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த நான் இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிறேன். எனக்கு நோர்வே மொழி படிப்பித்தது பள்ளிக்கூடம் அல்ல, அந்தச் சமையலறை. அதனால் என் மொழியில் எப்போதும் கொஞ்சம் அடுப்பு மணக்கும். ஒருமுறை கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்கு மொழிபெயர்க்கப் போய், “பிள்ளை நல்லா வளர்ந்திருக்கோ எண்டு கேளுங்கோ அண்ணை” என்று அவள் சொல்ல, நான் டொக்ரரிடம், “பிள்ளை நன்றாக வெந்துவிட்டதா?” என்று கேட்டுவிட்டேன். டொக்ரர் முகம் மாறாமல், “இல்லை, இன்னும் இரண்டு மாதம் அடுப்பில் இருக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகும் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றால், வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம்.

மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு சட்டம் உண்டு. நீ வாய் மட்டும். உனக்குக் கருத்து இல்லை, ஊர் இல்லை, உறவு இல்லை. மற்றவர் சொன்னதைச் சொல்ல வேண்டும், தனக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூடாது. கோப்பாயில் பிறந்த ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? பூமணி அக்காவின் விஷயத்தில் அந்தத் தண்டனையை நான் முழுதாக அனுபவித்தேன்.

3

எங்கள் ஊரவர்கள் குடியேறிய எந்த நகரத்திலும் நாதனின் கடை மாதிரி ஒரு கடை இருக்கும். முன்னுக்கு அரிசி, மா, ஐஸ் பிடித்த முருங்கைக்காய். பின்னுக்கு ஒரு சுவர் முழுக்கக் கசெற். ஒன்று வாங்கி அதிலிருந்து வேண்டியமட்டும் பிரதி அடித்து விற்பது. இது பிழை என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஊரில் பாட்டுக் கசெற் அடித்துக் கொடுத்த கடைகளை நாங்கள் களவு என்றா நினைத்தோம்?

போன மாதம் இரண்டு பொலிஸ்காரர் பெட்டியோடு அந்தக் கடைக்குள் வந்தார்கள். லண்டனில் இருக்கிற தமிழர் ஒருவர் முறைப்பாடு செய்திருக்கிறார். அவருடைய வழக்கறிஞர் ஒஸ்லோவில் இருக்கும் வழக்கறிஞருக்கு எழுத, அவர் பேர்கன் பொலிசுக்கு எழுத, மூன்று ஊர் முத்திரையோடு ஒரு கடுதாசி. விஷயம் இதுதான்: ‘குஞ்சாச்சியின் மூன்று மாப்பிள்ளைகள்’ என்ற நகைச்சுவை நாடகம் லண்டன்காரருக்குச் சொந்தம், நாதன் அதைக் களவாகப் பிரதி எடுத்து விற்கிறான்.

“எல்லாரும்தானே அடிக்கினம், என்னிலை மட்டும் ஏன் கண்?” என்று நாதன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நிற்க, அந்த நேரம் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றவர்கள் பூமணி அக்காவும் அவருடைய கணவர் சிவலிங்கம் அண்ணையும். சிவலிங்கம் அண்ணையின் தோளில் அரிசிப் பை. அவர் அதிகம் பேசாத மனிதர். சிரிக்கத் தெரியும், நன்றாகத் தெரியும். அதுதான் இந்தக் கதையே.

பூமணி அக்கா பொலிஸ்காரரின் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கசெற்றை எடுத்தார். அதன் அட்டை லண்டனில் புதிதாக அச்சடித்தது. அவர் இதுவரை கண்டதெல்லாம் பேர் ஊர் இல்லாத பிரதிகள். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். எழுத்து, நடிப்பு, தயாரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஆளின் பெயர். கீழே, ‘லண்டனில் அதிநவீன ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்யப்பட்டது. உரிமை எமக்கே.’

அடுத்து நடந்ததை நாதன் எனக்குப் பலமுறை நடித்தே காட்டிவிட்டான்.

“நாதன், உதிலை குஞ்சாச்சியாக் கதைக்கிறது ஆர்?”

“நீங்கள்தான் அக்கா.”

“சம்மாட்டி?”

“நீங்கள்.”

“கொழும்புக் கிளாக்கர்?”

“அதுவும் நீங்கள்.”

“அப்ப லண்டன் மாப்பிள்ளை?”

“நீங்கள்தானே அக்கா எல்லாரும்!”

“அப்ப உவர் ஆர்?” என்று அட்டையில் இருந்த பெயரில் விரலை வைத்தார்.

பூமணி அக்கா கசெற்றைக் கைப்பையில் போடப் போக, பொலிஸ்காரர் மெதுவாக வாங்கிக்கொண்டார். அக்கா வெளியே போய்ப் பொலிஸ் வாகனத்தின் பின்கதவைத் தானே திறந்து ஏறி இருந்தார். “இஞ்சாருங்கோ, ஏறுங்கோ” என்றார். சிவலிங்கம் அண்ணை அரிசிப் பையோடு ஏறினார். பேர்கன் பொலிசார் ஆட்களை இறக்கப் பட்டபாடு அன்று முதல்முறையாக இருக்கும். கடைசியில் இறக்காமலே கொண்டு போனார்கள்.

4

அது நாடகமே அல்ல, கடிதம்.

கறண்ட் நின்று போன முதல் வருடத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். தபால் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. ஆட்கள் கசெற்றில் பேசி அனுப்பத் தொடங்கினார்கள். குடும்பமே ரேப் ரெக்கோடரைச் சுற்றி இருந்து, “நீ கதை”, “இல்லை, நீ கதை” என்று தள்ளுப்பட்டு, இரண்டு சொல் பேசி, பிறகு விசும்பல். பூமணி அக்காவின் மகன் குமரன் அப்போது பேர்கனில் தனியாக இருந்தான். “அம்மா, கசெற் வந்தால் ஒரு கிழமைக்கு நித்திரை இல்லை. இனி எழுதியே அனுப்புங்கோ” என்று எழுதியிருந்தான்.

பூமணி அக்காவுக்கு அது சுட்டுவிட்டது. பருத்தித்துறையில் பிறந்து கோப்பாயில் வாழ்க்கைப்பட்ட மனுசி. சந்தைக்குப் போய் வந்தால் சந்தையில் கண்ட ஒவ்வொருவரும் அவருடைய தொண்டைக்குள் இருந்து பேசுவார்கள். கிணற்றடியில் அவர் பேசத் தொடங்கினால் அயல்வீட்டு ஆட்கள் வேலியில் காது வைத்துக் கேட்பார்கள். “இந்த முறை பெடியன் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகோணும்” என்று சொல்லிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி என் கடைக்கு வந்தார். பற்றரி கண்ணில் காணமுடியாத காலம் அல்லவா? டைனமோவில் இருந்து ரெக்கோடருக்கு வயர் இழுத்துக் கொடுத்தவன் நான்.

அன்று பின்னேரம் வீட்டுக்குள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சிவலிங்கம் அண்ணை நிலத்தில் குந்தியிருந்து பெடலைச் சுற்ற, அக்கா பேசினார். எழுதி வைத்து அல்ல. வாயில் வந்தது வந்தபடி. குஞ்சாச்சிக்கு ஒரே மகள். பெண் கேட்டு மூன்று பேர் ஒரே நாளில் வருகிறார்கள்: வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிற ஒரு சம்மாட்டி, ஒரு கொழும்புக் கிளாக்கர், ஒரு லண்டன் மாப்பிள்ளை. நாலு குரலும் அக்காதான்.

இங்கேதான் ஒரு சங்கதி. பகிடி வந்தால் சிவலிங்கம் அண்ணைக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் கை தளரும். கை தளர்ந்தால் ரேப் மெல்ல ஓடும். மெல்ல ஓடிப் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்று மேலே போகும். ஆகவே அந்தக் கசெற்றில் எங்கே எங்கே பகிடியோ அங்கே எல்லாம் குஞ்சாச்சியின் குரல் அணில் மாதிரிக் கீச்சிடும்.

கடைசியில் மூன்று மாப்பிள்ளைமாரும் படலையடியில் பதிலுக்குக் காத்து நிற்க, குஞ்சாச்சி தொண்டையைச் செருமி, “சரி, கேளுங்கோ. என்ரை பிள்ளையைக் குடுக்கிறதெண்டால் நான்…” என்றார். அதற்கு முதல் லண்டன் மாப்பிள்ளை சொன்னதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த சிவலிங்கம் அண்ணை பெடலை விட்டுவிட்டு நிலத்தில் உருண்டார். ரேப் நின்றது. “சுத்துங்கோவன்! சுத்துங்கோவன்!” என்று அக்கா கத்தியதும் பதியவில்லை. அவர் எழும்புவதற்குள்ளே கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிற அயலவர் வந்து படலையில் மணி அடித்துவிட்டார். கசெற் அப்படியே அவர் கைக்குப் போனது.

ஊரை விட்டு வெளியேற ஆட்களுக்குத்தான் பாஸ் வேண்டும், கசெற்றுக்கு வேண்டாம். கொழும்பு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் பிரதி எடுத்தார்கள். ஒருவன் பாரிசுக்கும் ஒருவன் லண்டனுக்கும் கொண்டு போனான். முதல் கசெற் எந்தக் கையில் தங்கியதோ தெரியாது. குமரன் அதைக் கேட்டது பேர்கனில், சிநேகிதன் ஒருவனின் காரில். “டேய், இது என்ரை அம்மா!” என்று கத்தினானாம். “எங்கள் எல்லாருக்கும் அது எங்கடை அம்மா மாதிரித்தான்ரா கிடக்கு” என்று சிரித்தார்களாம். காருக்குள் இருந்த ஒருவரும் நம்பவில்லை.

பிற்பாடு அவன் தாய் தகப்பனை இங்கே எடுப்பித்தான். ‘குஞ்சாச்சி கடைசியிலை ஆருக்குக் குடுத்தவ?’ என்று அவன் கேட்டான், சிவலிங்கம் அண்ணை கேட்டார், நானும் கேட்டேன். அக்கா மசியவில்லை. “நாலு நாட்டிலை ஓடுது, ஒருத்தருக்கும் நான் ஆரெண்டு தெரியாது. என்ரை சொந்தமில்லாத ஆராவது என்ரை பேர் தெரிஞ்சு வந்து கேக்கட்டும். அப்ப சொல்லுறன்.”

எங்கள் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் மகள் துளசிக்கு ஆறு வயது, இங்கே வரும்போது கைக்குழந்தை. வீட்டுக்குள் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே நோர்வே மொழிதான். தமிழ் அவளுக்குத் தெரிந்தது பெரும்பாலும் இந்தக் கசெற்றில் இருந்து. ஆகவே அவளும் அவளுடைய கூட்டாளிகளும் தமிழில் பகிடி சொன்னால் அந்த இடத்தில் குரலைக் கீச்சென்று உயர்த்துவார்கள். யாழ்ப்பாணத்தில் பகிடி அப்படித்தான் சொல்வது என்று நினைத்திருக்கிறார்கள். சிவலிங்கம் அண்ணையின் கை தளர்ந்தது பேர்கனில் ஒரு பேச்சுவழக்காகிவிட்டது. எனக்கு அதைத் திருத்த மனமில்லை.

5

முதல்நாள் நான் பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது நாதன் ஒரு கதிரையில், அக்காவும் அண்ணையும் இரண்டு கதிரையில், அரிசிப் பை நாலாவது கதிரையில். “இவர்களை எனக்குத் தெரியும், அந்தச் சைக்கிளையும் தெரியும்” என்று இங்கரிடம் சொன்னேன். “இந்த ஊரில் ஒருவரை ஒருவர் தெரியாத தமிழர் இருக்கிறார்களா? நீங்கள் வாய் மட்டும்” என்றார்.

இங்கர் சட்டத்தை விளக்கினார். ஒரு நாட்டில் ஒருவர் ஆக்கிய பாட்டு, நாடகம் எதுவாக இருந்தாலும், மற்ற நாடும் அதைத் தன் ஆட்கள் ஆக்கியது போலவே காக்க வேண்டும். நாடுகள் ஒன்றுக்கொன்று அப்படி வாக்குக் கொடுத்திருக்கின்றன. அதனால்தான் லண்டன்காரர் முறைப்பாட்டுக்கு பேர்கன் பொலிஸ் படியேறுகிறது. எங்கேயும் போய்ப் பதியக்கூடத் தேவையில்லை. ஆக்கின உடனே உரிமை வந்துவிடும்.

அக்கா கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, எங்கடை படிப்பு இஞ்சை செல்லாது. இவர் இருவது வரியம் லொறி ஓடினவர், அந்த லைசன்சும் செல்லாது. கோப்பாயிலை வீட்டுக்குள்ளை இருந்து நான் கதைச்ச கதை மட்டும் இஞ்சை செல்லுமோ எண்டு கேளும்.”

கேட்டேன். “செல்லும்” என்றார் இங்கர். அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்கும்போது என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

“ஆனால் இவர்தான் ஆக்கினவர் என்று காட்ட வேண்டும். லண்டனில் இருந்து பத்திரம் வந்திருக்கிறது. இவரிடம் ஒன்றுமில்லை. காட்டாவிட்டால் கோப்பு லண்டன்காரர் பெயரில் மூடப்படும்.”

அக்காவின் முகம் சுருங்கியது. அதுவரை பகிடியாகத் தெரிந்த விஷயம் அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் பாரமாக விழுந்தது. தன் பிள்ளைக்குப் பேசிய பேச்சு, சட்டப்படியே, இனி என்றைக்கும் வேறொருவர் பேசியதாகிவிடும்.

“கசெற்றைப் போடச் சொல்லும்” என்றார்.

போட்டார்கள். குஞ்சாச்சி பேசத் தொடங்கினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “இப்ப குரல் கீச்சிடும்” என்றார். கீச்சிட்டது. “இனி சம்மாட்டி மீசையைப் பற்றிக் கதைக்க, இன்னும் ஒருக்கா.” அதுவும். ஏன் என்று நான் பெடல், டைனமோ எல்லாவற்றையும் கையால் காலால் விளக்கிக்கொண்டிருக்க, இங்கர் என்னைப் பார்க்கவில்லை. சிவலிங்கம் அண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணையின் வலக்கை, அவருக்கே தெரியாமல், முழங்காலுக்கு மேல் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. பகிடி வரும். அவர் தோள் குலுங்கும். கை தளரும். அதே கணம் கசெற்றில் குரல் மேலே போகும்.

“இனி ஒரு இடத்திலை பகிடி இல்லாமலே கீச்சிடும்” என்றார் அக்கா. “அதிலை இவருக்கு நுளம்பு கடிச்சது.”

கிளாக்கர் தன் சம்பளத்தைப் பற்றி முகத்தை நீட்டிக்கொண்டு பேசுகிற இடம். ஒரு சிரிப்பும் இல்லை. கீச்! சிவலிங்கம் அண்ணை காற்றில் சுற்றுவதை விட்டுவிட்டு முழங்கையைச் சொறிந்தார்.

இங்கர் வாயைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். தோள் குலுங்கியது.

பிறகு கசெற் நின்றது. ‘குடுக்கிறதெண்டால் நான்…’ இங்கர் ரெக்கோடரைத் தட்டிப் பார்த்தார், கசெற்றைத் திருப்பிப் போட்டார். “மிச்சம் எங்கே?”

“அதை லண்டனிலை கேக்கச் சொல்லும்” என்றார் அக்கா. “ஆக்கினவருக்குத் தெரியத்தானே வேணும்.”

இங்கர் எங்கள் கண்முன்னாலேயே லண்டனுக்குத் தொலைநகல் அடித்தார்.

6

ஒரு கிழமை கழித்து மறுபடி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். அரிசிப் பை மட்டும் வரவில்லை. லண்டனில் இருந்து வந்த பதிலை இங்கர் வாசித்தார், நான் தமிழாக்கினேன்: ‘மேற்படி நாடகம் அந்த இடத்திலேயே முடிகிறது. இது புதுவகை முடிவு. மிகுதியை ஆசிரியர் நேயர்களின் கற்பனைக்கு விட்டுள்ளார்.’

அப்போதுதான் அக்கா, தொடக்கத்தில் நான் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினார்.

இங்கர் பதிலை மேசையில் வைத்தார். லண்டன்காரரின் முறைப்பாட்டை இனிக் கொண்டுபோக முடியாது, இதை ஒஸ்லோவுக்கும் லண்டனுக்கும் எழுதுவேன் என்றார். நாதன் ஒரு நீண்ட மூச்சு விட்டான். “ஆனால்” என்று இங்கர் அவன் பக்கம் திரும்பினார், “நீங்கள் அனுமதி இல்லாமல் பிரதி எடுத்தது எடுத்ததுதான். அனுமதி தர வேண்டியவர் இதோ இருக்கிறார்.”

நாதன் மெல்ல அக்காவைப் பார்த்தான். “அக்கா… எத்தினை நாள் உங்களுக்குக் கறிவேப்பிலை சும்மா தந்திருப்பன்…”

“வாடின கறிவேப்பிலை” என்றார் அக்கா. “அட்டையிலை பேரைப் போடு, பிறகு பாப்பம். என்ரை பேரைப் பெரிசா. சைக்கிள் சுத்தினது இவர் எண்டு கீழை.”

இங்கர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ரெக்கோடரை எடுத்து நடுவில் வைத்தார். வாக்குமூலம் பதிய வேண்டும், முடிவும் தெரிந்தால் கோப்பு முழுமையாகும் என்று சொன்னார். கோப்புக்காகத்தான் கேட்கிறார் என்று அவருடைய முகத்தைப் பார்த்த ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். பொத்தானை அமுக்கினார். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. பொலிஸ் பதிவு என்றால் முதலில் பேசுகிறவர் யார் என்று சொல்ல வேண்டுமாம். குனிந்து, எழுத்துக் கூட்டுகிற பிள்ளையைப் போல, மெதுவாகச் சொன்னார்:

“பூமணி சிவலிங்கம். கோப்பாய்.”

பிறகு என்னிடம், “கேளுங்கள். குஞ்சாச்சி என்ன சொன்னார்?”

நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

பூமணி அக்கா தன் பேரைச் சொன்ன அந்த வாயைப் பார்த்தார். குளிர்ச்சட்டையைச் சேலைத் தலைப்புப் போல இழுத்து இடுப்பில் செருகினார். கணவரின் பக்கம் திரும்பி, “இஞ்சாருங்கோ, இனி வடிவாச் சிரியுங்கோ. இது கறண்டிலை ஓடுது” என்றார். பிறகு, கோப்பாயில் விட்ட அதே மூச்சில் இருந்து தொடங்கினார்.

“…குடுக்கிறதெண்டால் நான் முதல்லை அவளையெல்லோ கேக்கோணும்! நீங்கள் மூண்டு பேரும் கதைச்சியள், நானும் கதைச்சன். அவள் வாய் திறந்தவளோ? பிள்ளை, வெளியிலை வா!”

சொல்லிவிட்டு எழும்பி, படலையடிக்கு வருகிறவளைப் போல இரண்டடி முன்னுக்கு வந்து, நாங்கள் ஒருவரும் இதுவரை கேட்டிராத ஐந்தாவது குரலில், அந்த மகளின் குரலில், பேசத் தொடங்கினார்.